கூட்டுப் பணத்தைத் தின்றவருக்குக் கடவுளின் மன்னிப்பு போதுமா?

வெட்டுக்காட்டு வாசகன் (தொடக்கப் பதிவு)

மலேசியாவின் சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தோட்டம் கைமாறிய பின் பட்டணத்துத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிவந்தவன் நான். எங்கள் வட்டாரத்துச் சபை ஒன்றில் சென்ற மாதம் ஒருவர் சாட்சி சொன்னார். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், கூட்டு (சீட்டு) நடத்தியவர் என்று ஊரில் எல்லாருக்கும் அவரைத் தெரியும். தோட்டம் விற்கப்பட்டு இழப்பீட்டுப் பணம் வந்த காலத்தில், எடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுக்காமல் மொத்தத்தையும் வாரிக்கொண்டு ஜொகூர்ப் பக்கம் போனவர், இப்போது மனந்திரும்பியவராகத் திரும்பி வந்திருக்கிறார். தம் பாவங்களைக் கர்த்தர் சமுத்திரத்தின் ஆழத்தில் போட்டுவிட்டார் என்று அவர் சொன்னபோது சபையே கைதட்டியது.

கடைசி வரிசையில் முப்பது ஆண்டுக்கு மேல் ரப்பர்ப் பால் மரம் சீவிய ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். ஆராதனை முடிந்து தேநீரும் கறிபாப்பும் கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில் அவர் தம் கைப்பையிலிருந்து ஒரு 555 நோட்டை (சின்னக் கணக்குப் புத்தகத்தை) எடுத்து என்னிடம் காட்டினார். ஓரங்கள் சுருண்ட அந்த நோட்டில் மாதந்தோறும் கட்டிய தொகை பென்சிலால் எழுதப்பட்டு, பக்கத்தில் அந்த மனிதரின் சுருக்கெழுத்தும் இருந்தது. மொத்தம் 4,800 வெள்ளி (ரிங்கிட்). “ஆண்டவரு கடல்ல போட்டுட்டாரு, சரி. என் நோட்டுல இன்னும் இருக்கே, தம்பி” என்றார்.

எனக்கு அந்த மனிதரைப் பற்றி வம்பு பேசும் நோக்கம் இல்லை. அவர் பெயரையோ சபையின் பெயரையோ யாரும் இங்கே எழுத வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். நான் கேட்பது கிறிஸ்தவ விசுவாசத்தின் அடித்தளத்தைப் பற்றியது. ஒருவருக்கு இழைத்த தீங்கை வேறொருவர், அவர் கடவுளாகவே இருந்தாலும், மன்னித்துவிட முடியுமா? முடியும் என்றால், தீங்கு அடைந்தவருக்கு அந்த மன்னிப்பில் என்ன இடம்?

---

கிருபை மட்டும்

ஐயாவுக்கு வணக்கம். நான் லூத்தரன் சபையைச் சேர்ந்தவன். அந்த அம்மாவின் இழப்பை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆயினும் கேள்வி அமைக்கப்பட்ட விதத்திலேயே ஓர் ஆபத்து இருப்பதாகக் கருதுகிறேன். உரியாவைக் கொல்வித்து அவன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது, 51-ஆம் சங்கீதத்தில் “தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து” என்று அறிக்கையிடுகிறான். எந்தத் தீங்கும் இறுதியில் கடவுளுக்கு எதிரானதே. ஏனெனில் தீங்கு அடைந்த மனிதர் கடவுளுக்கு உரியவர்.

அதோடு, மன்னிப்புக்கு முன் நிபந்தனை வைத்தால், நிபந்தனையை நிறைவேற்ற முடியாதவர்களின் கதி என்ன? சிலுவையில் தொங்கிய கள்ளன் எதைத் திருப்பிக் கொடுத்தான்? அவனுக்கு நேரமும் இல்லை, கையும் ஆணியிலோ கயிற்றிலோ கட்டுண்டு கிடந்தது. அன்றே பரதீசில் தம்மோடு இருப்பாய் என்று அவனிடம் இயேசு சொன்னதை லூக்கா எழுதி வைத்திருக்கிறார். மீட்பு விலைக்கு விற்கப்படுவதைக் கண்டுதான் 1517-இல் லூத்தர் எதிர்த்து எழுந்தார். வேறு பெயரில் அதே வாசலுக்கு நாம் திரும்பிப் போகக் கூடாது.

---

உபதேசியார் மகள்

சகோதரரே, கள்ளனை எடுத்துக்காட்டாகச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் வரி வசூலித்த சகேயுவைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். இருவருமே லூக்காவில்தான் இருக்கிறார்கள். கள்ளனிடம் ஒன்றும் இல்லை. சகேயுவிடம் பணம் இருந்தது. பாதி ஆஸ்தியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்புவதாகவும் அவன் எழுந்து நின்று சொன்ன பிறகுதான் “இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது” என்ற சொல் வருகிறது. இரட்சிப்பை அவன் காசு கொடுத்து வாங்கினான் என்று யாரும் சொல்வதில்லை. இரட்சிப்பு வந்ததன் அடையாளமாகப் பெட்டி திறந்தது.

கத்தோலிக்கப் பழக்கத்தில் பாவசங்கீர்த்தனம் என்பது குருவிடம் போய்ச் சொல்லிவிட்டு வருவதோடு முடிவதில்லை. மனத்துயர், அறிக்கை, பரிகாரம் ஆகிய மூன்றும் பாவம் செய்தவர் தரப்பிலிருந்து வர வேண்டியவை என்று கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான திரெந்து சங்கம் 1551-இல் வகுத்தது. பாவப்பொறுத்தல் பாவத்தை நீக்குகிறது, ஆனால் பாவத்தால் விளைந்த சீர்கேடுகள் அனைத்தையும் சரிசெய்துவிடுவதில்லை என்றும், திருடியதைத் திருப்பித் தருவதும் கெடுத்த நற்பெயரை மீட்டுத் தருவதும் அதற்குப் பின்னும் கடமையாக நிற்கின்றன என்றும் இன்றைய மறைக்கல்வி நூல் தெளிவாகச் சொல்கிறது. தோட்டத்து உபதேசியாராக இருந்த என் அப்பா, முதல் நன்மை (முதல் நற்கருணை) வாங்கும் பிள்ளைகளுக்கு இதையே “திருடிய கோழியைக் கையில் வைத்துக்கொண்டு பாவசங்கீர்த்தனத்துக்கு வராதே” என்று கற்றுக்கொடுப்பார்.

பழைய ஏற்பாட்டிலும் ஒழுங்கு இதுவே. லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தில், பிறனை ஏமாற்றியவன் முதலில் பொருளை உரியவனிடம் கொடுக்கிறான். பிறகுதான் குற்றநிவாரண பலிக்கான ஆட்டுக்கடாவைக் கொண்டுவருகிறான். காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு 5-இல் இயேசு சொல்வதும் அதே வரிசைதான். தாவீதைப் பற்றிச் சொன்னீர்கள். கர்த்தர் உன் பாவத்தை நீக்கினார் என்று அவனிடம் சொன்ன அதே நாத்தான் தீர்க்கதரிசி, அதே மூச்சில், பிறந்த பிள்ளை சாகும் என்றும் சொன்னான். மன்னிப்பு விளைவை அழித்துவிடவில்லை.

---

மாரியம்மன் கோயில் தெரு

நான் சைவன். இந்த இழையை ஆர்வத்தோடு வாசித்துவரும் எனக்கு, சகோதரி கடைசியாகச் சொன்ன இடத்தில்தான் நெஞ்சு உறுத்துகிறது. தாவீது செய்த பாவத்துக்கு ஏழு நாள் குழந்தை சாகிறது. ஆதாம் செய்ததற்கு எல்லாரும் பிறவியிலேயே பாவிகளாகிறார்கள். பின்னர் எல்லாரும் செய்ததற்குக் குற்றமற்ற ஒருவர் சிலுவையில் அறையப்படுகிறார். மூன்று இடத்திலும் செய்தவர் ஒருவர், பட்டவர் வேறொருவர்.

திருவாரூரில் மனுநீதிச் சோழன் கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனைத் தேர்க்காலில் இட்டான் என்று நாம் சிறுவயதில் படித்தோம். அந்த நீதி கொடியது என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் தேரை ஓட்டியவன் அந்த மகன்தான். அமைச்சன் ஒருவன் “நான் சக்கரத்தின் அடியில் படுக்கிறேன், இளவரசரை விட்டுவிடுங்கள்” என்று சொல்லி, அரசன் அதை ஏற்றிருந்தால், அந்தக் கதையை நீதிக்கு எடுத்துக்காட்டாக யாரும் பாடியிருக்க மாட்டார்கள். குற்றமற்றவர் தண்டனையை ஏற்பது தியாகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதை ஏற்றுக்கொண்டு குற்றவாளியை விடுவிக்கும் நீதிபதியை எப்படி நீதிமான் என்பது? யாரையும் புண்படுத்துவதற்காகக் கேட்கவில்லை.

---

நெறியாளர்

கேள்வி கண்ணியமாகவே இருக்கிறது. பதில்களும் அவ்வாறே இருக்கட்டும். எந்தச் சமயம் உயர்ந்தது என்ற போட்டிக்கு இந்த இழை இடமாகாது.

---

கிராணி வீட்டுப் பேரன்

மாரியம்மன் கோயில் தெரு ஐயா எழுப்பிய மறுப்பு கிறிஸ்தவத்துக்கு வெளியிலிருந்து மட்டும் வந்ததில்லை. “பாவஞ்செய்கிற ஆத்துமாவே சாகும்; குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை” என்று எசேக்கியேல் 18-ஆம் அதிகாரம் அழுத்தமாகச் சொல்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அபெலார்டு என்ற பிரெஞ்சு அறிஞர், குற்றமற்ற ஒருவரின் இரத்தத்தை விலையாகக் கேட்பது கொடுமையும் அநீதியும் ஆகாதா என்று ரோமர் நிருபத்துக்கு எழுதிய உரையிலேயே கேட்டுவிட்டார். அவருடைய விடை, சிலுவை கடவுளின் அன்பைக் காட்டி நம் மனத்தை அன்பினால் மாற்றுகிறது என்பது.

சட்டத்துறையில் இருப்பவன் என்ற முறையில் நான் ஒரு வேறுபாட்டை இங்கே வைக்க விரும்புகிறேன். நம் நாட்டு நீதிமன்றத்தில் ஒருவருக்கு அபராதம் விதிக்கப்பட்டால், அண்ணனோ மாமனோ முதலாளியோ அந்தப் பணத்தைக் கட்டலாம். பணம் யாருடையது என்று கவுண்டரில் இருப்பவர் கேட்பதில்லை. ஆனால் இரண்டு ஆண்டுச் சிறை என்று தீர்ப்பானால், தம்பிக்குப் பதிலாக அண்ணன் போய் உள்ளே உட்கார முடியாது. கடன் கைமாறக்கூடியது, தண்டனை கைமாறாதது.

கிறிஸ்துவின் மரணத்துக்கான விளக்கங்கள் பிரிவது இந்த இடத்தில்தான். கேன்டர்பரி பேராயர் ஆன்செல்ம் 1098-இல் முடித்த நூலில் பாவத்தைக் கடனாகப் பார்த்தார்: கடவுளுக்குச் செலுத்த வேண்டிய மரியாதையை மனிதன் செலுத்தவில்லை, ஒன்று ஈடு செய்யப்பட வேண்டும், அல்லது தண்டனை வர வேண்டும். கிறிஸ்து ஈடு செய்தார், ஆகவே தண்டனை வரவில்லை. ஆன்செல்மின் கணக்கில் கிறிஸ்து தண்டிக்கப்படவே இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஏறத்தாழ நான்கரை நூற்றாண்டுக்குப் பின் வந்த கால்வின், ஓர்லியான்சிலும் பூர்ஷிலும் சட்டம் பயின்றவர். அவர் கையில் மொழி குற்றவியலாக மாறுகிறது. நமக்கு உரிய தண்டனை கிறிஸ்துவின் மேல் விழுந்தது என்ற போதனை அங்கேதான் முழு உருவம் பெறுகிறது. நம் வட்டாரத்து எழுப்புதல் கூட்டங்களில் நாம் கேட்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. சோழன் கதை இந்த வகையைத் தாக்குகிறது, ஆன்செல்மைத் தாக்குவதில்லை.

இன்னொன்று. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவ நம்பிக்கையின்படி சிலுவையில் இருந்தவர் மூன்றாம் மனிதர் அல்லர், தீர்ப்பளிக்கும் கடவுளே. ஆகையால் அமைச்சன் படுத்த கதையோடு ஒப்பிடுவதைவிட, அரசன் தானே தேர்க்காலின் அடியில் படுத்த கதையோடு ஒப்பிடுவதே பொருந்தும். “யானோ அரசன், யானே கள்வன்” என்று சொல்லி அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர்விட்ட பாண்டியனை நம் இலக்கியம் இகழவில்லையே. அவன் தன் பிழைக்காக மாண்டான் என்பது வேறுபாடுதான். அதை நான் மறைக்கவில்லை.

---

மூணாம் டிவிசன்

ஆதாம் விசயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறை நிறுத்தப்படும் வரை, நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய ஆள் பினாங்கில் கால் வைக்கும்போதே கடன்காரன். கப்பல் செலவும் முன்பணமும் அவன் பெயரில் எழுதப்பட்டுச் சம்பளத்தில் பிடிக்கப்பட்டன. அவனுக்கு லயத்தில் பிறந்த பிள்ளை எந்த ஒப்பந்தத்திலும் கைநாட்டு வைக்கவில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளை வளர்ந்தது அதே கடனுக்குள், அதே கள்ளுக்கடை நிழலில், அதே பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) மணியின் கீழேதான். பிள்ளையைக் குற்றவாளி என்று சொன்னால் அக்கிரமம். பிள்ளை சுதந்திரமாகப் பிறந்தது என்று சொன்னால் பொய். ஜென்மப் பாவம் என்பதை நான் இப்படித்தான் விளங்கிக்கொண்டேன். சரியா என்று படித்தவர்கள் சொல்லட்டும்.

---

உபதேசியார் மகள்

அண்ணன் சொன்னது எங்கள் மறைக்கல்விக்கு மிக நெருக்கமானது. ஆதாமின் வழிவந்தவர்களிடம் இருப்பது செய்த பாவம் அல்ல, வந்து சேர்ந்த நிலை. சொந்தக் குற்றம் என்ற தன்மை அதற்குக் கிடையாது என்று அங்கே எழுதியிருக்கிறது. வரலாற்றில் இது இவ்வளவு மென்மையாகச் சொல்லப்படவில்லை என்பதும் உண்மை. மனிதன் பாவமின்றியே பிறக்கிறான் என்ற பெலாஜியுசை எதிர்த்த ஆயர் அகுஸ்தீன், ஆதாமின் குற்றமே பிள்ளைகள்மேல் வருகிறது என்ற அளவுக்குப் போனார். 418-இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் அவர் பக்கம் நின்றது. கீழைத் திருச்சபைகளோ நாம் ஆதாமிடமிருந்து பெற்றது சாவும் சீர்குலைந்த இயல்பும்தான், குற்றம் அல்ல என்று இன்றுவரை போதிக்கின்றன.

ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகள் எங்கே போகின்றன என்ற கேள்வி எங்கள் பாட்டிமாரை எவ்வளவு வாட்டியது என்பதை லயத்தில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டதும் குருவுக்குக் காத்திராமல் வீட்டில் இருப்பவரே தலையில் தண்ணீர் ஊற்றிச் செபம் சொன்னது அந்தப் பயத்தால்தான். அப்படி இறந்த குழந்தைகள் மீட்படையும் என்று நம்புவதற்கு வலுவான காரணங்கள் உண்டு என்று வத்திக்கானின் இறையியல் ஆணையம் 2007-இல் எழுதியது. என் பாட்டி அதற்கு முன்பே காலமாகிவிட்டார். திருச்சபைக்கு இது இவ்வளவு காலம் பிடித்ததை எண்ணினால் எனக்குக் கோபமே வருகிறது.

---

எட்டாங்கட்டை ஆசிரியை

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். தத்துவமாகப் பேசப்படும் இந்தக் காரியம் சாதாரண மக்களின்மேல் எப்படி விழுகிறது என்பதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

என் தம்பிக்கு வாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்தபோது, சுகமளிக்கும் கூட்டம் ஒன்றுக்குக் குடும்பத்தோடு போனோம். செபத்துக்கு முன் ஒரு படிவம் கொடுத்தார்கள். யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தில் பிதாக்களின் அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறை மட்டும் விசாரிக்கப்படும் என்று இருப்பதால், நான்கு தலைமுறை முன்னோர் செய்த பாவங்களை ஒவ்வொரு கட்டத்திலும் எழுத வேண்டுமாம்: விக்கிரக வழிபாடு, சூனியம், குடி, கொலை, விபசாரம். என் தாத்தாவை 1943-இல் ஜப்பானியர்கள் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள், அவர் திரும்பவில்லை. அவர் பெயருக்கு நேரே எந்தக் கட்டத்தில் குறியிடுவது என்று கேட்டேன். படிவத்தை வைத்திருந்த இளைஞர், குலதெய்வத்துக்கு ஆடு வெட்டியிருப்பார் அல்லவா, அதைப் போடுங்கள் அக்கா என்றார்.

பிறவிக் குருடனைப் பார்த்து, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று இயேசு சொன்னது யோவான் 9-இல் இருக்கிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேர் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்லர் என்று லூக்கா 13 சொல்கிறது. நோயும் விபத்தும் சொந்தப் பாவத்தின் அளவுக்குத் தக்க தண்டனைகள் என்ற கணக்கை அவர் இரண்டு இடத்தில் மறுத்திருக்க, அவர் பெயராலேயே அந்தக் கணக்குக்குப் படிவம் அச்சடிக்கிறார்கள். நான் படிவத்தை வெறுமையாகவே திருப்பிக் கொடுத்தேன். தம்பி இப்போது பொது மருத்துவமனையில் உடற்பயிற்சிச் சிகிச்சைக்குப் போய்க்கொண்டிருக்கிறான், கைத்தடியோடு நடக்கிறான்.

---

மாரியம்மன் கோயில் தெரு

டீச்சர் எழுதியதை வாசித்துவிட்டு என் பக்கத்தையும் நினைத்துப் பார்த்தேன். அந்தப் படிவம் எங்களிடம் அச்சில் இல்லை, அவ்வளவுதான். “போன சென்மத்து வினை” என்று எங்கள் மக்கள் எத்தனை தாய்மாரின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள்! சைவ சித்தாந்தத்திலும் ஆணவ மலம் என்ற அறியாமை அழுக்கு உயிரோடு அநாதியாகவே இருப்பது. எந்தச் செயலாலும் வந்ததில்லை. அதை உயிர் தன் முயற்சியால் மட்டும் கழற்ற முடியாது, இறைவன் அருள் வேண்டும் என்றுதான் எங்கள் ஆசாரியர்களும் சொன்னார்கள். ஆகவே மூணாம் டிவிசன் அண்ணன் சொன்ன நிலை எனக்கு அந்நியமில்லை.

ஆனால் முடிவில்லாத நரகம் என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அறுபது எழுபது ஆண்டில் ஒரு மனிதன் எவ்வளவு தீமை செய்தாலும் அதற்கு ஓர் அளவு உண்டு. அளவுள்ள குற்றத்துக்கு அளவில்லாத தண்டனை எந்தத் தராசில் நிற்கும்?

---

கிராணி வீட்டுப் பேரன்

சுருக்கமாகச் சொல்கிறேன். 4-ஆம் நூற்றாண்டின் ஆயரான நீசாவின் கிரகோரி, நரக நெருப்பு தூய்மையாக்கும் நெருப்பு, இறுதியில் அனைவரும் கடவுளிடம் திரும்புவர் என்று எதிர்பார்த்தார். அவர் இன்றும் புனிதராகவே போற்றப்படுகிறார். இதே கருத்து, அவருக்கு முந்தைய அறிஞரான ஓரிகனின் பெயரோடு 6-ஆம் நூற்றாண்டில் கண்டனத்துக்கு உள்ளானது. மத்தேயு 25-இன் இறுதி வசனம் நித்திய ஆக்கினையைச் சொல்வதால் பெரும்பாலான சபைகள் அதைக் கைவிடவில்லை. இன்றைய கத்தோலிக்க விளக்கம், நரகத்தைக் கடவுளிடமிருந்து ஒருவர் தாமே தம்மை விலக்கிக்கொள்ளும் நிலை என்கிறது. இது கேள்வியின் கூர்மையைக் குறைக்கிறதே தவிர, ஐயா, உங்கள் தராசுக்கு முழு விடை தருவதாக நான் நினைக்கவில்லை.

---

வெட்டுக்காட்டு வாசகன்

பேச்சு விரிந்தது நல்லதே. நடந்த ஒன்றை இங்கே சேர்க்கிறேன். அந்த அம்மாவின் வீட்டுக்குச் சபையிலிருந்து இரண்டு பெண்கள் போய், ஏழெழுபதுதரம் மன்னிக்க வேண்டும் என்று இயேசு சொல்லியிருக்கிறார், மனத்தில் கசப்பு வைத்திருந்தால் உங்கள் செபம் கேட்கப்படாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இப்போது பாவி யார் என்றால், நோட்டு வைத்திருப்பவர்தான் என்று ஆகிவிட்டது.

---

மூணாம் டிவிசன்

ஏழெழுபது இருக்கிற மத்தேயு 18-ஆம் அதிகாரத்திலேயே, அதற்கு ஏழு வசனம் முன்னால், உன் சகோதரன் குற்றம் செய்தால் போய் அவனிடம் குற்றத்தை உணர்த்து, கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ, பிறகு சபைக்குச் சொல் என்று இருக்கிறது. அந்த இரண்டு பெண்கள் போக வேண்டிய வீடு வேறு.

லூக்கா 17 இன்னும் நேராகச் சொல்கிறது: “அவனைக் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால், அவனுக்கு மன்னிப்பாயாக.”

---

கிருபை மட்டும்

அந்தச் செய்தி என்னை வெட்கப்பட வைக்கிறது. நான் தொடக்கத்தில் சொன்ன கிருபையை இப்படிப் பயன்படுத்த லூத்தரின் போதனையில் இடமே இல்லை. அவருடைய 95 கூற்றுகளில் முதலாவது, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பது. மூன்றாவது, உள்மனத்தின் மனந்திரும்புதல் வெளியில் கனி தராவிட்டால் அது ஒன்றுமில்லை என்பது. லூத்தரன் சபையின் விசுவாச அறிக்கையான 1530-இன் ஆக்ஸ்பர்க் அறிக்கையும் மனந்திரும்புதலைக் குறித்த பகுதியில், அதன் கனிகளாக நற்செயல்கள் பின்தொடர வேண்டும் என்று முடிக்கிறது. நாசி ஆட்சியை எதிர்த்து 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்ட எங்கள் சபைப் போதகர் போன்ஹோஃபர், மனந்திரும்புதலைக் கேட்காமல் மன்னிப்பை மட்டும் போதிப்பதை மலிவான கிருபை என்று கண்டித்தார்.

ஆனால் வரிசையைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. அந்த மனிதர் 4,800 வெள்ளியைக் கொடுத்துத் தீர்த்தாலும் அதனால் கடவுளிடம் அவர் நீதிமானாகிவிடப் போவதில்லை. கொடுக்காமல் மேடையேறினால், அவர் பெற்றதாகச் சொல்லும் மன்னிப்பை அவர் உண்மையில் கேட்டாரா என்ற ஐயம் எழும். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

---

உபதேசியார் மகள்

வரிசையில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை. ஒத்துப்போனால் 1517-ஐ எங்கே கொண்டுபோய் வைப்பது! ஆனால் அந்த அம்மாவைப் பொறுத்தவரை இரண்டு சபையும் ஒன்றைத்தான் சொல்கின்றன என்பது இப்போது தெளிவாகிறது.

ஊதாரி மகன் கதையை இந்தக் கண்ணோடு மீண்டும் வாசித்துப் பார்த்தேன். தகப்பன் இளைய மகனுக்கு மோதிரமும் பாதரட்சையும் விருந்தும் கொடுக்கிறார். கோபித்துக்கொண்டு வெளியே நிற்கும் மூத்தவனிடம், உள்ளே வந்து தம்பியைக் கட்டிக்கொள் என்று கட்டளையிடாமல், தாமே வெளியே வந்து வருந்தி அழைக்கிறார். அப்போது சொல்லும் சொல் “எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது” என்பது. அதாவது, இளையவன் அழித்த பங்கை ஈடுகட்ட மூத்தவனின் பங்கிலிருந்து ஒரு காசும் எடுக்கப்படவில்லை. நம் ஊரில் நடந்த விருந்தோ அந்த அம்மா கட்டிய பணத்தில் நடந்தது. அதில் போய் உட்காரும்படி அவரை வற்புறுத்த அந்த உவமையில் ஆதாரம் இல்லை.

கிராணி வீட்டுப் பேரன் கடன் கைமாறக்கூடியது என்றார். ஓடிப்போன அடிமை ஒநேசிமுவை எஜமான் பிலேமோனிடம் திருப்பி அனுப்பும்போது பவுல் என்ன எழுதினார்? அவன் உமக்குக் கடன்பட்டது ஏதேனும் இருந்தால் என் கணக்கிலே வைத்துக்கொள்ளும், நான் செலுத்தித் தீர்ப்பேன் என்று தம் கையாலேயே எழுதினார். கைதட்டிய சபைக்கு அந்தச் சாட்சியின்மேல் அவ்வளவு மகிழ்ச்சி என்றால், அந்த நோட்டைத் தன் கணக்கில் ஏற்றிக்கொள்ளலாமே. அந்த மனிதரிடமிருந்து சபை மெதுவாக வாங்கிக்கொள்ளட்டும்.

---

எட்டாங்கட்டை ஆசிரியை

அந்த அம்மா ஒருவரின் நோட்டு மட்டும்தானா? லயம் முழுவதும் கட்டியிருப்பார்களே. பலர் இறந்திருப்பார்கள்.

---

வெட்டுக்காட்டு வாசகன்

ஆம், டீச்சர். சிலர் காலமாகிவிட்டார்கள், சிலர் பிள்ளைகளோடு கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் போய்விட்டார்கள். இறந்தவர்களின் சார்பில் பிள்ளைகள் மன்னித்தால் அது செல்லுமா என்று தெரியாது. பணம் என்றால் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். அதில் சிக்கல் இல்லை. எண்ணாகமம் 5-ஆம் அதிகாரம் இதையும் யோசித்திருக்கிறது: முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்க வேண்டும், வாங்குவதற்கு உறவினர் எவரும் இல்லையென்றால் ஆசாரியனிடம் சேர்க்க வேண்டும். அந்த அம்மாவுக்கு அந்தக் கணக்கில் 5,760 வெள்ளி வருகிறது.

அந்த மனிதரை நான் நேரில் சந்தித்துப் பேசலாம் என்றிருக்கிறேன். சட்டப்படி ஏதாவது எழுதி வாங்க முடியுமா?

---

கிராணி வீட்டுப் பேரன்

ஐயா, சட்டத்தை நம்பிப் போகாதீர்கள். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971-ஆம் ஆண்டின் சட்டமே தடை செய்கிறது. ஆகவே அதை வைத்து நீதிமன்றம் ஏறுவது கடினம். சாதாரணக் கடனாகவே பார்த்தாலும், வழக்குத் தொடர ஆறு ஆண்டுக் காலவரம்பு உண்டு. அது எப்போதோ கடந்துவிட்டது. ஒரு காசும் கட்டாமல் அவர் நிம்மதியாக இருந்துவிடலாம், யாரும் பிடிக்க முடியாது. இனி அவரைக் கொடுக்க வைக்கக்கூடியது மேடையில் அவர் சொன்ன மனந்திரும்புதல் ஒன்றுதான்.

போகும்போது அந்த அம்மாவின் நோட்டை நகல் எடுத்துக்கொண்டு போங்கள், மூலத்தைக் கையில் கொடுக்காதீர்கள். மாதம் இவ்வளவு என்று அந்த மனிதரே தம் கையால் எழுதட்டும். முதல் தவணையை ரொக்கமாக வாங்காமல் நேரே அம்மாவின் வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள்.